சோலூர் வானமும் கறுப்பு-வெள்ளை கேமராவும்... ஒன்றரை லட்சம் செலவழிக்கும் முன் இதைப் படிங்க!

ஜனவரி ராத்திரி, மணி பத்தரை. சோலூரில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு மொட்டைமாடி. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடிக்கிறது. தென்கிழக்கில் ஊட்டியின் வெளிச்சம் லேசாகத் தெரிகிறது. வடக்கே மசினகுடிப் பக்கம் திரும்பினால் காடும் இருட்டும் மட்டும்தான். ஓரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலே.

இந்த வானத்தை சாதாரண டி.எஸ்.எல்.ஆரில் எடுத்தால் ஓரியன் நெபுலா சூப்பராக வரும். ஆனால், அதே ஓரியனில் இருக்கும் குதிரைத்தலை நெபுலா? மங்கலாக ஒரு கறைதான். காரணம், அதன் பின்னணியில் ஒளிர்வது ஹைட்ரஜனின் சிவப்பு வெளிச்சம். அலைநீளம் 656.3 நானோமீட்டர். டி.எஸ்.எல்.ஆர் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி, அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். இந்தக் கடுப்பில்தான் பலரும் 'கூல்டு மோனோ கேமரா' என்று தேட ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான்.

கலரே இல்லாத கேமரா எதுக்கு?

கலர் கேமராவில் ஒவ்வொரு நாலு பிக்ஸலிலும் ரெண்டு பச்சை, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். ஹைட்ரஜன் வெளிச்சம் விழுந்தால் அந்த ஒரு சிவப்பு பிக்ஸல்தான் உருப்படியாக வேலை செய்யும். மோனோவில் நாலும் வேலை செய்யும். கலர் வேண்டுமென்றால், ஃபில்டரை மாற்றி மாற்றித் தனித்தனியாக எடுத்து, கடைசியில் கம்ப்யூட்டரில் சேர்க்க வேண்டும்.

இது ஏதோ புது டெக்னிக் என்று நினைக்காதீர்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-லிருந்தே சூரியனை கால்சியத்தின் ஒரே அலைநீளத்தில் படமெடுத்திருக்கிறார்கள். 1912-ல் ஹைட்ரஜன் ஆல்பாவிலும் தொடங்கினார்கள். நாம் இப்போது தேடுவதும் அதே ஹைட்ரஜன் ஆல்பாதான்.

"ஊட்டி குளிர்லயே கேமரா கூல் ஆயிடாதா?"

சோலூரில் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஆகாது. ஓட ஆரம்பித்ததும் சென்சார் சூடாகும். சூடு ஏறினால் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். தோராயமாக 6, 7 டிகிரி ஏறினாலே அது இரட்டிப்பாகும். அதைவிட முக்கியம், சூடு மாறாமல் இருப்பது. மூடியைப் போட்டு எடுக்கும் 'டார்க்' படங்களைக் கழித்துத்தான் நாய்ஸை நீக்குகிறோம். டார்க்கும் படமும் ஒரே வெப்பநிலையில் இருந்தால்தான் கழித்தல் சரியாக வரும். மலையில் சாயங்காலத்துக்கும் விடியற்காலைக்கும் பல டிகிரி வித்தியாசம் வருமே!

மலைவாசிகளுக்கு இங்கே ஒரு லாபம் உண்டு. இந்த கேமராக்கள் வெளி வெப்பநிலையைவிட சுமார் 35 டிகிரி குறைக்கும். சென்னையில் 28 டிகிரி ராத்திரியில் மைனஸ் 10-ஐத் தொடவே முடியாது. சோலூரில் 10 டிகிரி என்றால் 20 டிகிரி குறைத்தாலே போதும், பேட்டரியும் மிச்சம். கரன்ட்டை நம்பாமல் 12 வோல்ட், 50 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி வைத்துக்கொண்டால், கேமரா, மவுன்ட், டியூ ஹீட்டர் எல்லாம் சேர்ந்து 60 வாட் இழுத்தாலும் ஒரு ராத்திரி தாண்டும்.

எந்த கேமரா?

முதல் மோனோ என்றால் என் ஓட்டு சோனி ஐ.எம்.எக்ஸ்533 சென்சாருக்குத்தான். இஸட்.டபிள்யூ.ஓ-வின் ஏ.எஸ்.ஐ533எம்.எம் ப்ரோ அந்த ரகம். 9 மெகாபிக்ஸல், சதுரமான சென்சார், மூலையில் வெளிச்சம் கசியும் 'ஆம்ப் க்ளோ' தொல்லை கிடையாது. 400 எம்.எம் குவியத்தூரம் உள்ள டெலஸ்கோப்பில் சுமார் 1.6 டிகிரி வானம் அடங்கும். ரோஸெட் நெபுலா முழுசாக வந்துவிடும்.

அடுத்த படி ஐ.எம்.எக்ஸ்571. ஏ.பி.எஸ்-சி அளவு, 26 மெகாபிக்ஸல், 16 பிட். பிக்ஸல் அளவு ரெண்டிலும் ஒன்றுதான், 3.76 மைக்ரான். அதாவது காசு கூடக் கொடுத்தால் கிடைப்பது நுணுக்கம் அல்ல, பரப்பு. பெரிய சென்சாருக்குப் பெரிய ஃபில்டர் வேண்டும் என்பதைப் பலர் பில் போட்ட பிறகுதான் கவனிக்கிறார்கள். 533-க்கு 1.25 இன்ச் ஃபில்டர் போதும். 571-க்கு 36 எம்.எம் வாங்கணும். இல்லையென்றால் நாலு மூலையும் இருட்டடிக்கும். ஃபுல்ஃப்ரேமுக்கு 2 இன்ச், அது நம்ம பட்ஜெட்டே இல்லை.

ஃபில்டரில்தான் காசு கரையும்

ரெண்டு குடும்பம் இருக்கிறது. எல்.ஆர்.ஜி.பி, அதாவது லூமினன்ஸ், சிவப்பு, பச்சை, நீலம். கேலக்ஸி, நட்சத்திரக் கூட்டங்களுக்கு இது. இன்னொன்று நேரோபேண்ட். ஹைட்ரஜன் ஆல்பா, ஆக்ஸிஜன்-3 (500.7 நானோமீட்டர்), சல்ஃபர்-2 (672 பக்கம்). நெபுலாக்களுக்கு இது.

சோலூரிலேயே இருப்பவர் முதலில் எல்.ஆர்.ஜி.பி வாங்கலாம். இருட்டு வானம் ஃப்ரீயாகக் கிடைக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்? கோவையிலோ சென்னையிலோ இருந்துகொண்டு லீவுக்கு மட்டும் ஊருக்கு வருபவருக்கு ஹைட்ரஜன் ஆல்பாதான் முதல் ஃபில்டர். தெருவிளக்கிலும் நிலா வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும். ஆக்ஸிஜன்-3 நிலாவில் அவ்வளவு தாங்காது.

அகலம் 3 நானோமீட்டரா, 7-ஆ? குறுகக் குறுக கான்ட்ராஸ்ட் கூடும், விலையும் கூடும். இருட்டு ஊரில் 7-ஏ நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஆக்ஸிஜன்-3-ல் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நான் மலிவாக ஒன்று வாங்கினேன். குதிரைத்தலைக்குப் பக்கத்தில் இருக்கும் அல்நிடாக் நட்சத்திரத்தைச் சுற்றி வளையல் மாதிரி ஒரு ஒளிவட்டம். எந்த சாஃப்ட்வேராலும் அதை எடுக்க முடியவில்லை. எல்லா ஃபில்டரையும் ஒரே கம்பெனி, ஒரே சீரிஸில் வாங்குங்கள், மாற்றும்போது ஃபோகஸ் அதிகம் நகராது.

கேமரா, ஃபில்டர் வீல், எல்.ஆர்.ஜி.பி, நேரோபேண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை லட்சத்தை நெருங்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கஸ்டம்ஸ் வரியையும் கணக்கில் சேருங்கள். நல்ல டிராக்கிங் மவுன்ட் இன்னும் வாங்கவில்லையா? இந்தக் காசை அதில் போடுங்கள், கேமரா காத்திருக்கட்டும்.

நீலகிரிக்குன்னு தனி கணக்கு

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது முடிந்ததும் வடகிழக்கு. நம்பி உட்காரக்கூடிய ராத்திரிகள் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான். மோனோவில் சிவப்பு எடுத்து முடித்ததும் மூடுபனி வந்துவிட்டால் அன்றைக்கு நீலம் கிடையாது. பாதிப் படத்தோடு அடுத்த வாரம் வரை காத்திருக்கணும். மாசத்துக்கு ரெண்டே ராத்திரிதான் கிடைக்கும் என்றால், கூச்சப்படாமல் அதே சென்சாரின் கலர் மாடலான 533எம்.சி-யை வாங்குங்கள். அது தோல்வி இல்லை.

துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரம்தான். வடக்கே ஒரு மேடோ சில்வர் ஓக் மரமோ இருந்தால் காணாமல் போகும். துருவம் தெரியாமலே மவுன்ட்டைச் சரிசெய்யும் சாஃப்ட்வேரைப் பழகிக்கொள்ளுங்கள். இதே 11 டிகிரியைச் சாதகமாக்கியது முத்தொரை ரேடியோ டெலஸ்கோப். கோவிந்த் ஸ்வரூப் குழு 1970-ல் முடித்த 530 மீட்டர் நீள டெலஸ்கோப் அது. அதே சாய்வுள்ள மலைச்சரிவாகத் தேடிப்பிடித்துக் கட்டினார்கள், அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது.

லென்ஸைச் சுற்றி டியூ ஹீட்டர் கட்டாயம். ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனித்தனியாக 'ஃப்ளாட்' படம் எடுங்கள், ஒரு ஃபில்டரில் இருக்கும் தூசி இன்னொன்றில் இருக்காது. காட்டெருமை நடமாடும் ஊர் என்பதால் தோட்டத்துக்குள் தனியாக ஸ்டாண்டு போடாதீர்கள், மாடியே போதும்.

விடிந்ததும் கேமராவை அப்படியே அடுப்படிச் சூட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கூலரை மெதுவாக ஏற்றி அணைத்துவிட்டு, வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டைச் சேர்த்து, அதற்கப்புறம் உள்ளே கொண்டுபோங்கள்.