பாய்மரப் படகுகள் (யோஷிடா ஹிரோஷியின் மரக்கட்டை அச்சுகள்)

பாய்மரப் படகுகள் (ஜப்பானியப் பெயர்: ஹான்சென்) என்பது ஜப்பானிய ஓவியர் யோஷிடா ஹிரோஷி (1876–1950) 1926இல் வெளியிட்ட மரக்கட்டை அச்சோவியம். ‘செட்டோ உள்நாட்டுக் கடல்’ என்னும் தொடரில் இடம்பெற்றது. வரைந்த காட்சி ஒன்றுதான், அச்சுகளோ ஆறு. காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று ஒரே கடலைப் பொழுதுக்கு ஒன்றாக அவர் அச்சிட்டார். ஒவ்வொன்றும் சுமார் 51 செ.மீ. உயரமும் 36 செ.மீ. அகலமும் கொண்டது.

முன்னால் நிற்கும் படகின் உயர்ந்த பாய்தான் முதலில் கண்ணில் படும். அதன் நிழலுரு தண்ணீரில் நெளிந்து தாளின் அடிவரை இறங்குகிறது. பின்னால், தூரம் கூடக்கூட, மற்றப் படகுகள் சிறுத்துப்போகின்றன. காலை அச்சில் பாய்க்குப் பின்னாலிருந்து வரும் மஞ்சள் ஒளி வானையும் நீரையும் ஒன்றாக்கிவிடுகிறது. மூடுபனி அச்சில் பின்னிருக்கும் படகுகள் பாதி கரைந்து நிற்கின்றன. இரவு அச்சில் எல்லாவற்றையும் நீலம் மூடிக்கொள்கிறது. முந்தைய ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் காட்டிய சீறும் அலை இங்கே கிடையாது. ஹொன்ஷு, ஷிகொக்கு, கியூஷு தீவுகளுக்கு நடுவே அடங்கிக் கிடக்கும் செட்டோ கடல் இயல்பிலேயே அமைதியானது. ஓவியரும் அதை அப்படியே விட்டிருக்கிறார்.

ஆறு பொழுதுகளுக்கும் அடிப்படை ஒரே படகுக் காட்சிதான். செதுக்கிய பலகைகளில் தடவும் சாயத்தை மாற்றியே பொழுதையும் மாற்றினார்கள். ஜப்பானில் இம்முறைக்கு பெட்சுசூரி என்று பெயர்.

வேலை நடக்கும் விதம் இது. மலைச்செர்ரி மரப்பலகையில் உருவத்தைச் செதுக்குவார்கள். நிறத்துக்கு நிறம் தனிப் பரப்பு வேண்டும். பலகையின் மூலையில் ஒரு வெட்டும் ஓரத்தில் இன்னொரு வெட்டும் இருக்கும். கெண்ட்டோ எனப்படும் இந்த அடையாளங்களில் பொருத்தி வைத்தால்தான் தாள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும். கொஞ்சம் பிசகினாலும் பாயின் நிறம் வானத்துக்குள் வழிந்துவிடும். நீரில் கரைத்த சாயத்தைத் தூரிகையால் பலகையில் பூசி, ஈரப்பதமான தாளை அதன்மேல் கவிழ்த்து, மூங்கில் உறை சுற்றிய பாரென் என்னும் வட்டத் திண்டால் முதுகுப்பக்கம் தேய்ப்பார்கள். அடிவானம் மெல்ல வெளிறிப்போவதற்குச் செய்வது பொகாஷி: பலகையை ஈரமாக்கி, சாயத்தை ஒரு பக்கம் மட்டும் வைத்து, தூரிகையால் மறுபக்கம் வரை இழைத்துவிடுவது. தாளுக்குத் தாள் கையாலேயே செய்வதால் எந்த இரு பிரதியும் அச்சு அசலாக ஒத்துப்போவதில்லை. யோஷிடாவின் அச்சுகளில் ஒரு தாளின்மேல் சராசரியாக 30 முறை பதிவு விழுந்திருக்கும். முந்தைய எடோ காலத்து ஜப்பானிய அச்சுகள் இதைவிடக் குறைந்த பதிவுகளிலேயே முடிந்துவிடும்.

கூருமே நகரில் பிறந்த யோஷிடா முதலில் பழகியது மேற்கத்திய பாணி எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணமும். 1899இல் அமெரிக்கா சென்று டெட்ராய்ட்டிலும் பாஸ்டனிலும் நீர்வண்ண ஓவியங்களைக் காட்டிப் பெயர் வாங்கியவர், அச்சுக்கலைக்கு வந்தது நாற்பது வயதைத் தாண்டிய பிறகே. ஷின்-ஹாங்கா என்னும் புதிய அச்சு இயக்கத்தை நடத்திய பதிப்பாளர் வதானபே ஷோசாபுரோ 1920–21இல் அவருடைய சில அச்சுகளை வெளியிட்டார். பாய்மரப் படகுக் காட்சியும் அவற்றில் உண்டு. 1923 செப்டம்பர் 1 அன்று கந்தோ நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் வதானபேயின் கடையைப் பலகைகளோடு அழித்தன. சக ஓவியர்களின் படங்களை விற்று உதவுவதற்காக யோஷிடா மீண்டும் அமெரிக்கா போனார். அங்கே சுமாரான ஜப்பானிய அச்சுகளுக்கும் இருந்த கிராக்கியைப் பார்த்தவர், 1925இல் ஊர் திரும்பியதும் சொந்தப் பட்டறை வைத்துக்கொண்டார். அதற்கடுத்த ஆண்டு வந்தவைதான் இந்த ஆறு அச்சுகள். எரிந்துபோன காட்சிக்கே அவர் திரும்பினார்; இம்முறை மேற்பார்வை முழுக்க அவர் கையில் இருந்தது.

இந்த மேற்பார்வைதான் அவரைத் தனித்துக் காட்டுகிறது. வதானபேயின் முறையில் ஓவியர் வரைந்து கொடுப்பார், மற்றது பதிப்பாளர் பாடு. அதற்கு எதிர்முனையில் சோசாகு-ஹாங்கா ஓவியர்கள், வரைவதும் செதுக்குவதும் அச்சிடுவதும் ஒரே கையாக இருக்க வேண்டும் என்றார்கள். யோஷிடா இரண்டுக்கும் நடுவில் நின்றார். உளி பிடிக்கவும் பாரென் தேய்க்கவும் கற்று, சில பலகைகளைத் தாமே செதுக்கினார். மற்றவற்றுக்குக் கைவினைஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, பக்கத்தில் இருந்து வேலை வாங்கினார். எளிதில் திருப்தி அடையாத முதலாளிதான் போலும். இல்லாவிட்டால் ஒரு தாளுக்கு 30 பதிவு எப்படி வரும்?

அதே 1926இல், அதே தொடரில் வெளியான ‘ஒளிரும் கடல்’ (ஹிகாரு உமி) அளவில் சிறியது. ஆனால் இன்று அதிகம் பேசப்படுவது. வெயில் பட்டு மினுங்கும் நீரை அதில் வட்ட உளியின் சிறுசிறு வெட்டுகளே காட்டுகின்றன. இளவரசி டயானாவின் கென்சிங்டன் அரண்மனை அலுவலகச் சுவரில் அது தொங்குவதைப் புகைப்படங்களில் காணலாம். கைவித்தை என்று பார்த்தால் ஒளிரும் கடலுக்கே முதலிடம் தரலாம். அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஆறு படகு அச்சுகளும் தரும் அனுபவம் வேறு.

பொழுதை மாற்றி அச்சிடும் முறை இத்தொடருக்கு மட்டும் உரியதல்ல. 1925இல் மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பகலிலும் இரவிலும் காட்டியிருந்தார். 1930–31இல் இந்தியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் பயணம் செய்து திரும்பியபின், தாஜ்மகாலையும் வெவ்வேறு பொழுதுகளில் அச்சிட்டார். மதுரைக் கோயிலும் அந்தப் பயணத்தில் பிறந்த அச்சுகளில் ஒன்று.

யோஷிடா மேற்பார்த்த பிரதிகளின் ஓரத்தில் ஜிசூரி, அதாவது ‘தானே அச்சிட்டது’, என்ற முத்திரை இருக்கும். வெளிநாட்டில் விற்பவற்றில் பென்சிலால் ஆங்கிலக் கையெழுத்தும் போட்டார். அவர் மறைவுக்குப் பின் குடும்பப் பட்டறையில் பழைய பலகைகளிலிருந்து எடுத்த பிரதிகளில் ஜிசூரி முத்திரை இல்லை. சந்தையில் அவற்றின் விலையும் குறைவு.