லோவ்னரின் அட்டவணை: ஒரு வகைக்கெழுவின் வரலாறு

எண்களில் இருபடிச் சார்பின் வகைக்கெழு யாது என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. எண்ணுக்குப் பதிலாகக் 'க' என்னும் சமச்சீர் அணியைக் கொண்டு, அதனோடு 'ச' என்னும் சிறு சமச்சீர் அணியைக் கூட்டினால், இருபடியில் நேரும் முதல்நிலை மாற்றம் 2கச அன்று. கச + சக ஆகும். அணிப்பெருக்கலில் வரிசை மாறின் விடையும் மாறும் என்பதே காரணம். (தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'அணி' இலங்கைப் பாடநூல்களில் 'தாயம்' எனப்படும், இக்கட்டுரை முன்னதைக் கொள்கிறது.) வர்க்கமூலம், மடக்கை முதலிய சார்புகளுக்கு இவ்வளவு எளிதில் விடை கிட்டாது.

அதற்கான திறவுகோல் பிராக் நகரில் பணியாற்றிய கார்ல் லோவ்னர் 1934இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கட்டுரையில் உள்ளது. அவர் எழுப்பிய வினாவோ வகைக்கெழு பற்றியதன்று. ஓர் அணியிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் குறை ஐகன் மதிப்பு எதுவும் எஞ்சாதெனில் முன்னதைப் பெரிதெனக் கொள்வர். இவ்வரிசையை எச்சார்புகள் காக்கும்? குறை ஐகன் மதிப்பு இல்லாத அணிகளிடையே வர்க்கமூலம் காக்கிறது, இருபடி காப்பதில்லை. மிகை எண்களில் இரண்டுமே வரிசையைக் காப்பதால், இம்முடிவு முதன்முறை கேட்போரை வியப்பில் ஆழ்த்தும்.

இதனைத் தீர்மானிக்க லோவ்னர் ஓர் அட்டவணை அமைத்தார். இரண்டு எண்களில் சார்பு பெறும் மதிப்புகளின் வேறுபாட்டை அவ்வெண்களின் வேறுபாட்டால் வகுத்து ஒவ்வோர் இடத்திலும் இட்டார், மூலைவிட்டத்தில் வகைக்கெழு. எத்தனை எண்களை எடுப்பினும் அவ்வட்டவணையில் குறை ஐகன் மதிப்பு தோன்றாதெனில் வரிசை காக்கப்படும்.

வகைக்கெழுவைத் தருவதும் அதே அட்டவணைதான். எண்களாகக் 'க'வின் ஐகன் மதிப்புகளை எடுத்து, அதன் ஐகன் திசைகளில் 'ச'வை எழுதி, உறுப்புக்கு உறுப்பு அட்டவணையால் பெருக்கி, பழைய அச்சுகளுக்கு மீள வேண்டும். இருபடிக்கு ஒவ்வோர் உறுப்பும் இரு ஐகன் மதிப்புகளின் கூட்டலாகிறது. கச + சக மீண்டும் கிடைக்கிறது. நான் இதனைக் கற்றதும் பல்லாண்டு கற்பித்ததும் ஊர்பேர் அற்ற சூத்திரமாகவே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1939இல் நாஜிப் படைகள் பிராகைக் கைப்பற்றியதும் யூதரான லோவ்னர் சிறையிலிடப்பட்டார். விடுதலைக்குப்பின் அமெரிக்கா சென்று, சார்ல்ஸ் எனப் பெயரை மாற்றிக்கொண்டு, லூயிவில் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவருடைய முனைவர் பட்ட ஆசிரியர் கேயார்க் பிக், 82ஆம் வயதில் தெரேசியன்ஸ்டாட் முகாமில் 1942இல் இறந்தார்.

சோவியத் ஒன்றியத்தில் தலெத்ஸ்கியும் எஸ். ஜி. கிரெய்னும் இவ்வகைக்கெழுச் சூத்திரத்தை ஹெர்மீட் செயலிகளுக்கு 1951இல் வெளியிட்டனர். லோவ்னர் ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்றதும் அவ்வாண்டிலேயே.