லைவ் அட் த ரீகல்

‘லைவ் அட் த ரீகல்’ அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் பி. பி. கிங்கின் (1925–2015) மேடைக் கச்சேரிப் பதிவு. சிகாகோவின் ரீகல் அரங்கில் 1964 நவம்பர் 21 அன்று பதிவாகி, மறு ஆண்டு ஏ.பி.சி. நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்தது. தயாரித்தவர் ஜானி பேட். பத்துப் பாடல்கள், ஏறத்தாழ 35 நிமிடம். ப்ளூஸ் மேடைப் பதிவுகளில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை மிகச் சில. அந்தப் பெருமையில் பாதி கிங்குக்கு என்றால், மறுபாதி அன்று அரங்கில் இருந்த ரசிகர்களுக்குச் சேர வேண்டும்.

1928இல் திறக்கப்பட்ட ரீகல், சிகாகோவின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பிரான்ஸ்வில் வட்டாரத்தின் பெரிய அரங்கு. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு வேலை தேடி வடக்கே வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. கிங்கும் மிசிசிப்பியில் பிறந்து, பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி, மெம்ஃபிஸ் வானொலி வழியாக மேலே வந்தவர். 1956இல் மட்டும் 342 கச்சேரிகள் செய்தார். ஆனால் 1960களில் கறுப்பின இளைஞர்கள் ஸோல் இசைக்கு மாறினார்கள். ப்ளூஸ் பழைய காலத்துச் சங்கதியாகப் பட்டது. இளம் ரசிகர்கள் கூச்சலிட்டு அவமதித்த மேடையையும் கிங் பார்த்திருக்கிறார். ரீகலில் கூடியவர்களோ அவருடைய 1950களின் பாட்டுகளை வரிவரியாக அறிந்தவர்கள்.

இசைத்தட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முதல் பாட்டை விறுவிறுப்பாக முடித்ததும், பழைய ப்ளூஸ் சிலவற்றுக்குப் போகலாம் என்று கூட்டத்தோடு பேச்சுக் கொடுக்கிறார். ‘ஸ்வீட் லிட்டில் ஏஞ்சல்’ பாட்டுக்கு கிட்டார் முதல் சுரத்தை இழுக்கும்போதே பெண்களின் கூவல் கேட்கிறது. அந்தப் பாட்டு முடிந்தும் முடியாமலும் அடுத்ததற்குள் நுழைந்துவிடுகிறார். ‘ஹௌ ப்ளூ கேன் யூ கெட்’ பாட்டில் ஓரிடத்தில் வாத்தியங்கள் நின்று நின்று ஒலிக்கின்றன. செய்ததையெல்லாம் காதலி எப்படிக் குறைத்துப் பேசினாள் என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறார் பாடகர். கடைசிக் குறை, பெற்ற பிள்ளைகளைப் பற்றியது. அந்த வரி விழுந்ததும் அரங்கு அலறுகிறது. அடுத்த சொல்லைக் கூட்டத்தின் சத்தத்துக்கு மேலேதான் அவர் பாட வேண்டியிருக்கிறது. தைப்பூசத்தில் பினாங்கின் தண்ணீர்மலைக்குக் காவடி ஏறும்போது உறுமி மேளம் ஒரு கட்டத்தை எட்ட, சுற்றி நிற்பவர்கள் ‘வேல் வேல்’ என்று குரல் கொடுப்பதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதாக இருக்காது.

கிங் பாடும்போது கிட்டார் வாசிப்பதில்லை, வாசிக்கும்போது பாடுவதில்லை. ஒரு வரி குரலில் வரும்; அதற்குப் பதில் ‘லூசில்’ என்று அவர் பெயரிட்ட கிட்டாரில் வரும். நடுவில் ஒரு சிறு இடைவெளி விடுவார், அதை அரங்கு நிரப்பும். விரைவுக்காக அவர் சுரங்களைக் கொட்டுவதில்லை. ஒரே சுரத்தைப் பிடித்து, இடக்கை விரலால் தந்தியை அதிரவிட்டு, அதை அழவும் அதட்டவும் வைக்கிறார். ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் ‘வொரி, வொரி’யில் குரல் கள்ளக்குரலாக உச்சிக்கு ஏறும்போது எது குரல், எது கிட்டார் என்ற பேதம் மங்கிப்போகிறது. பின்னணியில் சாக்ஸபோன்கள், டிரம்பெட், டியூக் ஜெத்ரோவின் பியானோ, சன்னி ஃப்ரீமனின் டிரம்ஸ். எல்லாம் அவருக்கு இடம்விட்டே வாசிக்கின்றன.

இதைவிட நன்றாக வாசித்த இரவுகள் தமக்கு எத்தனையோ உண்டு என்பது கிங்கின் சொந்தக் கருத்து. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த இரவுகளில் ரீகலின் ரசிகர்கள் இல்லை. எரிக் கிளாப்டன் போன்ற அடுத்த தலைமுறைக் கிட்டார் கலைஞர்களுக்கு இது பாடப்புத்தகமானது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2005இல் இதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அரங்கை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, 1973இல் இடித்துவிட்டார்கள்.

பினாங்கிலும் இந்த இசையைக் கேட்கக் காதுகள் இருந்தன. 1960களின் பிற்பகுதியில் வியட்நாம் போர்முனையிலிருந்து ஓய்வு விடுப்பில் அமெரிக்கப் படைவீரர்கள் ஜார்ஜ் டவுனுக்கு வந்துபோனார்கள். எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படை இருந்தது. அதே காலத்தில் பினாங்கில் உருவான அலிகேட்ஸ் குழுவை முன்னின்று நடத்தியவர்கள் தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும். ப்ளூஸின் வாரிசான ஸோல் இசையின் சாயலை மலாய்ப் பாட்டுக்குள் கொண்டுவந்து நாடெங்கும் புகழ்பெற்றார்கள். லோகநாதன் 2007இல் காலமானார். 2004 முதல் பினாங்குத் தீவு ஜாஸ் விழா இதே மரபுக்கு மேடை தந்தது.

புதிதாகக் கேட்பவர்கள் பாட்டுகளைப் பொறுக்கி எடுக்காமல், வரிசை மாறாமல் கேட்பது நல்லது. இரண்டு முதல் நான்கு வரையுள்ள பாட்டுகள் ஒரே மூச்சாக ஏறுபவை; பிரித்துக் கேட்டால் நான்காவது பாட்டின் அலறல் எங்கிருந்து கிளம்பியது என்பது பிடிபடாது.