வாளிச் சொட்டுநீர் வளர்ப்பு

வாளிச் சொட்டுநீர் வளர்ப்பு என்பது தக்காளி, கத்தரி, மிளகாய், வெள்ளரி போன்ற காய்ப்புப் பயிர்களை மண்ணில்லாமல் வாளிகளில் நட்டு, சத்துக் கரைசலைச் சொட்டுக் குழாய் வழியே ஊட்டி வளர்க்கும் முறை. ‘டச்சு பக்கெட்’ என்ற பெயரும் இதற்கு உண்டு. கீரைகளுக்கு உகந்த குழாய் நீரோட்ட முறையில், மாதக்கணக்கில் நின்று காய்க்கும் செடியின் வேர் பெருத்துக் குழாயையே அடைத்துவிடும். வாளியில் அந்தத் தொல்லை இல்லை.

மண்ணில்லா வளர்ப்பு உலகின் கவனத்துக்கு வந்ததே ஒரு காய்ப்புப் பயிரால்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக் 1930களில் கரைசலில் வளர்த்த, ஆளுயரத்தையும் மிஞ்சிய தக்காளிச் செடிகள் அதற்கு வழி திறந்தன. இந்தியாவில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் 1946இல் வங்காளத்தில் மண்ணில்லா வளர்ப்புச் சோதனைகளைத் தொடங்கினார். சரளையும் மணலும் நிரப்பிய பாத்திகளே அவர் தேர்ந்த எளிய வழி.

வாளி 11 முதல் 20 லிட்டர் கொள்வதாக இருக்கும்; கழுவிய பெயின்ட் வாளியும் போதும். உள்ளே பெர்லைட் என்னும் பொரித்த எரிமலைக் கல் அல்லது தென்னை நார்க்கழிவு. அடியிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் வடிகுழாய் பொருத்தப்படும். அதற்குக் கீழே தேங்கும் கரைசல் செடிக்குச் சேமிப்பு. ஒன்று அடைத்தாலும் மற்றது காக்கும் என்பதால் செடிக்கு இரண்டு சொட்டுவான்கள் வைப்பது நல்லது. கால்சியம் நைட்ரேட்டை அடர்கரைசலாக வைக்கும்போது சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு கலந்தால் வீழ்படிவாகிவிடும். அதனால் இரண்டு தொட்டிகள் தேவை. காய்க்கும் தக்காளிக்குக் கரைசலின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 2 முதல் 2.5 டெசிசீமென்ஸ், பி.எச். 5.5 முதல் 6.5.

மதுரையிலும் சுற்றுச் சமவெளியிலும் இம்முறை பலிப்பதும் பொய்ப்பதும் வெயிலையும் தண்ணீரின் உப்பையும் பொறுத்தது. சித்திரை, வைகாசியில் பகல் 40 டிகிரியை ஒட்டிச் செல்லும். இரவும் 26க்குக் கீழே அரிதாகவே இறங்கும். அந்தச் சூட்டில் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்க, பூ பிஞ்சாகாமல் உதிரும். எந்த உரமும் இதைச் சரிசெய்யாது. புரட்டாசியில் விதைத்து ஐப்பசியில் நட்டால் மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளில் பிஞ்சு பிடிக்கும். கோடையில் கத்தரியும் மிளகாயும் ஓரளவு தாங்கும். அவற்றுக்கும் நிழல்வலை வேண்டும். கறுப்பு வாளியை மொட்டை மாடியில் வெறுமனே வைத்தால் வேர் வெந்துவிடும். வெளிப்புறம் வெள்ளை பூசுவதும், தளத்தில் படாமல் உயர்த்தி வைப்பதும் அவசியம்.

பல இடங்களில் போர்வெல் தண்ணீர் கடினமானது, உப்பும் கூடியது. செடி நீரையும் சத்தையும் எடுத்துக்கொண்டு சோடியம், குளோரைடின் பெரும்பகுதியை விட்டுவிடும். வடிந்த கரைசலையே திரும்பச் சுழற்றினால் வாரத்துக்கு வாரம் உப்பு ஏறும். தண்ணீர் மிச்சம் என்று சுழற்சி முறையைப் புகழ்வது நல்ல நீர் உள்ள ஊர்களுக்குப் பொருந்தும். இங்கே ஊட்டுவதில் ஐந்தில் ஒரு பங்கை வடியவிட்டு, அதைத் தென்னைக்குப் பாய்ச்சுவதே சரி. மழைநீர் சேகரிப்பு தமிழகம் முழுவதும் 2003இல் கட்டாயமானது. அந்த நீரைப் பாதிக்குப் பாதி கலந்தாலே உப்புச்சுமை ஏறக்குறைய பாதியாகும். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை 1,000 லிட்டர் தரும்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் நார்க்கழிவுக் கட்டிகளிலும் உப்பு இருக்கும். பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்த பிறகே நிரப்ப வேண்டும். பெர்லைட்டை விட இது ஈரத்தை நெடுநேரம் பிடித்திருப்பதால், மோட்டார் நின்றுபோகும் மின்வெட்டு வேளைகளில் செடி உடனே வாடாது. தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகினால் பலரும் கால்சியத்தைக் கூட்டுகிறார்கள். பெரும்பாலும் காரணம் தண்ணீர் விட்டுவிட்டுக் கிடைப்பதுதான். வேனிலில் வளர்ந்த செடி நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடிக்கும். அதை ஒரே வேளையில் கொட்டாமல், பகல் முழுவதும் பலமுறை சிறிது சிறிதாகச் சொட்டவிட வேண்டும்.