வயிறு நிறைந்தாலும் இரும்புச்சத்துக் குறையலாம்

குழந்தை தாயிடமிருந்து இரும்புச்சத்தை ஓர் ஆரம்ப இருப்பாகப் பெற்றே பிறக்கிறது. அது ஏறக்குறைய 6 மாதம் தாங்கும். தாய்க்குக் குருதிச்சோகை இருந்தாலோ, குறைமாதத்தில் பிறந்தாலோ இருப்பு முன்னரே கரைந்துவிடும். அவுஸ்திரேலியப் பரிந்துரைப்படி 7 முதல் 12 மாதம் வரை நாளொன்றுக்கு 11 மில்லிகிராமும், 1 முதல் 3 வயது வரை 9 மில்லிகிராமும் தேவை.

பசுப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஆனால் விலை மலிவு, பசியும் அடங்கும். இரவு பகலாக வேலைக்கு ஓடும் பெற்றோருக்கு அதுவே கைகொடுக்கிறது. ஒரு வயதுக்கு முன் அது பிரதான பானமாகக் கூடாது. அதன்பின் நாளுக்கு 500 மில்லிலீற்றருக்குள் நிறுத்துங்கள். 6 மாதமளவில் மசித்த இறைச்சி, மீன், பருப்பு தொடங்கலாம். பருப்பு, கீரையோடு தேசிக்காய்ப்புளி சேர்ந்தால் இரும்பு நன்கு உடலில் சேரும்; தேநீர் அதைத் தடுக்கும்.

குறைபாடு நீடித்தால் மூளை வளர்ச்சியும் கற்றலும் பாதிக்கப்படும். இதைக் குருதிப் பரிசோதனை காட்டிவிடும். மெடிகெயார் இல்லாத பிரிட்ஜிங் விசாக் குடும்பங்கள் செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம். புகலிடம் கோரியோருக்கு நியூ சவுத் வேல்ஸ் பொது வைத்தியசாலைகளில் சில சேவைகள் இலவசம். பென்டில் ஹில்லுக்குப் பக்கத்திலேயே வெஸ்ட்மீட் இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு 131 450.

வைத்தியர் சொல்லாமல் இரும்பு மருந்து கொடுக்காதீர்கள். அளவு மிஞ்சினால் அது குழந்தைக்கு நஞ்சு.