மிகையூட்டியும் அமுக்க விகிதமும்

எஞ்சின் தானாக உறிஞ்சும் அளவைவிடக் கூடுதலான காற்றைச் சிலிண்டருக்குள் அழுத்தித் தள்ளும் கருவி மிகையூட்டி. பட்டறைகளில் சூப்பர்சார்ஜர் என்பார்கள். கிராங்க் தண்டிலிருந்து பெல்ட்டாலோ பல்சக்கரத்தாலோ சுழல்வது சூப்பர்சார்ஜர், வெளியேறும் புகையின் வேகத்தால் சுழல்வது டர்போ என்று இன்று பிரித்துப் பேசுகிறோம். பழைய நூல்கள் இரண்டையும் ஒரே இனமாகக் கொண்டன. இக்கட்டுரையும் அவ்வழியே செல்கிறது.

பிஸ்டன் கீழே நிற்கும்போது அதன் மேலுள்ள மொத்தக் கொள்ளளவை, அது உச்சிக்கு வந்தபின் எஞ்சும் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது அமுக்க விகிதம். மிகையூட்டியைப் பொருத்துவது சில நாள் வேலைதான். அதற்கு முன் இந்த விகிதத்தை எவ்வளவில் நிறுத்துவது, எந்த உறுப்புகளை மாற்றுவது என்று தீர்மானிப்பதில்தான் எஞ்சின் பிழைப்பதும் கெடுவதும் இருக்கிறது.

வரலாறு

இக்கருவியின் பிறப்பிடம் மோட்டார் தொழில் அல்ல, ஒரு நெசவாலை. ஆரணி போன்ற தறியூரின் வாசகருக்கு இது சற்று இனிக்கும் செய்தி. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் ஃபிலாண்டர், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் கம்பளி ஆலை நடத்திவந்தனர். ஆலையின் நீர்ச்சக்கரத்துக்கு மாற்றாக, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் சுழலும் இரண்டு இதழ்கள் கொண்ட பொறியைச் செய்துபார்த்தார்கள். மரத்தாலான இதழ்கள் நீரில் ஊறிப் பருத்து இறுகிவிட்டன என்பார்கள். ஆனால் நீருக்குத் தோற்ற பொறி காற்றைத் தள்ளுவதில் கெட்டிக்காரனாக இருந்தது. 1860-இல் காப்புரிமை பெற்று, வார்ப்பட உலைகளுக்குத் துருத்தியாகப் பரவியது.

அழுத்திய காற்றை எஞ்சினுக்கு ஊட்டும் எண்ணத்துக்கு 1885-இல் காப்புரிமை பெற்றவர் காட்லீப் டெய்ம்லர். புகையின் ஆற்றலைக் கொண்டே காற்றை அழுத்தும் வழிக்கு சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் உரிமை பெற்றார். அவர் முறைப்படி டர்போ பொருத்திய இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்களில், 1920-களின் நடுவில், 1,750 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்கள் 2,500 தந்தன. சாலைக் கார்களில் மெர்சிடிஸ் 1921-இல் மிகையூட்டியைக் காட்சிக்கு வைத்தது. 1923 இத்தாலிய கிராண்ட் பிரியில் ஃபியட் வென்றபின் பந்தயக் களத்தில் மறுபேச்சு இல்லை.

ஆயத்தம் இல்லாத மிகையூட்டலுக்குப் பெரும்பாலோர் காட்டும் எடுத்துக்காட்டு ‘புளோயர்’ பென்ட்லி. பந்தய வீரர் டிம் பிர்கினின் வற்புறுத்தலால், ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த ரூட்ஸ் வகைக் கருவி 4½ லிட்டர் எஞ்சினின் மூக்கில் ஏறியது. நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இதில் உடன்பாடே இல்லை. திறன் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்கு என்பது அவர் கட்சி. அவர் சொன்னதே நடந்தது. புளோயர் கார் லே மான் பந்தயத்தில் ஒருமுறைகூட வெல்லவில்லை. 1929-இலும் 1930-இலும் வென்றவை மிகையூட்டி இல்லாத 6½ லிட்டர் பென்ட்லிகள்.

எதிர்ப்புறத்துப் பாடம் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சின். 27 லிட்டர், 12 சிலிண்டர், அமுக்க விகிதம் வெறும் 6. இன்றைய ஸ்கூட்டர்கூட 9-க்கு மேல் வைத்திருப்பதைப் பார்க்கும்போது இது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். அல்ல, ஊட்டும் காற்றுக்கு இடம் விட்டுவைத்த தொலைநோக்கு அது. 1940-இல் 87 ஆக்டேன் பெட்ரோலுக்குப் பதில் 100 ஆக்டேன் வந்ததும், அதே எஞ்சினில் ஊட்டழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 6¼ பவுண்டிலிருந்து 12 பவுண்டாக உயர்த்தினார்கள். ஏறத்தாழ 1,000 குதிரைத்திறன் 1,300 ஆனது. அமுக்க விகிதத்தை இதற்காக மாற்றவில்லை.

வகைகளைச் சொல்வதானால் மூன்று. ரூட்ஸ் இதழ் வகை காற்றை உள்ளே அழுத்தாமல் அப்படியே அள்ளித் தள்ளும். தாழ்ந்த வேகத்திலேயே இழுவை தரும், ஆனால் காற்றை மிகவும் சுடவைக்கும். ஸ்வீடனின் லிஷோல்ம் 1930-களில் உருவாக்கிய திருகு வகை அழுத்தியே அனுப்பும். மையவிலக்கு வகை, அதிவேகத்தில் சுழலும் விசிறி.

அமுக்க விகிதத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெட்ரோல் எஞ்சினின் எதிரி தட்டல். தீப்பொறி ஏற்றிய சுடர் வந்து சேருமுன், மூலையில் கிடக்கும் கலவை வெப்பமும் அழுத்தமும் தாளாமல் தானே வெடிக்கிறது. மெக்கானிக்குகள் ‘எஞ்சின் தட்டுது’ என்பது இதைத்தான். முதலில் ஹெட் கேஸ்கெட் போகும், அடுத்து பிஸ்டனின் விளிம்பு உடையும்.

கோடையில் ஆரணியில் காற்று 40 பாகை செல்சியஸ் என்று கொள்வோம். 60 சதவீதத் திறனுள்ள ரூட்ஸ் கருவி அதை ஒன்றரை மடங்கு அழுத்தினால், வெளிவரும் காற்று ஏறத்தாழ 104 பாகை இருக்கும். சூடான காற்று விரிந்து மெலியும் என்பதால், அழுத்தம் 50 சதவீதம் ஏறினாலும் உள்ளே போகும் காற்றின் எடை 25 சதவீதமே கூடுகிறது. இடையில் ஒரு இன்டர்கூலர் வைத்து 57 பாகைக்குக் குளிர்வித்தால் கூடுதல் 40 சதவீதத்தைத் தாண்டும், தட்டலும் தள்ளிப்போகும். ஐரோப்பியக் கையேடுகளின் எண்களை வட ஆற்காட்டு வெயிலில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

விகிதத்தைக் குறைத்தால் சிக்கனம் போய்விடும் என்ற அச்சம் மிகையானது. ஏட்டுக் கணக்கில் விகிதம் 10 உள்ள எஞ்சினின் வெப்பத்திறன் 60 சதவீதம், 8.5-க்கு 57.5. இழப்பது இரண்டரை, பெறுவது நாற்பது. ஆகவே சாதாரணப் பெட்ரோலில் ஓடும் எஞ்சினை 8.5 அளவுக்கு இறக்கி, மிதமான ஊட்டழுத்தம் வைப்பதே முறை. கவாசாகி 2015-இல் கொண்டுவந்த எச்2 மோட்டார் சைக்கிளும் இந்த 8.5-ஐத்தான் தேர்ந்தது. 2018-இல் அதன் தம்பி எச்2 எஸ்எக்ஸ் 11.2-க்கு ஏறியது, ஆனால் அது ஊட்டழுத்தத்தைத் தணித்து, மின்னணுக் கட்டுப்பாட்டோடு தொழிற்சாலையில் பிறந்த எஞ்சின். லேத்து பட்டறைக்கு அது முன்மாதிரி ஆகாது.

இறக்கும் வழியிலும் நல்லது கெட்டது உண்டு. 1,200 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு எரியறையும் விகிதம் 10-க்கு 33.3 சிசி, 8.5-க்கு 40 சிசி. 73 மி.மீ. துளையில் 1 மி.மீ. தடிப்பான கேஸ்கெட் 4.2 சிசி தரும் என்பதால், தடித்த கேஸ்கெட் போட்டு முடித்துவிடத் தோன்றும். அது தவறு. பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஒரு மில்லிமீட்டர் அளவான குறுகிய இடைவெளிதான் கலவையைப் பிதுக்கிச் சுழலவிட்டுத் தட்டலைத் தடுக்கிறது. கேஸ்கெட் அதைக் கெடுத்துவிடும். விகிதம் குறைந்தும் எஞ்சின் தட்டும். நடுவில் குழிந்த பிஸ்டன் போடுவதே சரி, செலவு கூடினாலும்.

பிற மாற்றங்கள்

பிஸ்டன் வார்ப்பாக இல்லாமல் அடித்துச் செய்ததாக இருக்க வேண்டும். மேல் ரிங்கின் வாய் இடைவெளி வழக்கத்தைவிடச் சற்றே கூட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்ததாக, 0.7 மி.மீ. இடைவெளியோடு. பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும் கூடும் காற்றுக்கு ஈடுகொடுக்க வேண்டும். கேம் தண்டில், உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் குறைவாக இருக்கட்டும். நீண்டால் ஊட்டிய கலவை எரியாமலே சைலன்சருக்குப் போய்விடும். பந்தயக் கேம் வாங்கி வைத்துவிட்டுப் பிறகு மிகையூட்டி தேடுவோர் இங்கேதான் இரட்டைச் செலவு செய்கிறார்கள்.

டீசலும் ஆரணிப் பாதையும்

டீசலில் உள்ளே வருவது வெறும் காற்று என்பதால் தட்டல் கவலை இல்லை. உச்ச அழுத்தமே எல்லை. உறிஞ்சி ஓடும் கிர்லோஸ்கர் டிவி1 ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் விகிதம் 17.5. ஆரணி ரோடு நிலையம் வழியே விழுப்புரம்–காட்பாடி மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய ஒய்டிஎம்4 ரயில் எஞ்சின்களில் இருந்தது ஆல்கோ 251 வகை: ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 66 லிட்டர், டர்போ உண்டு, 1,300-க்கு மேற்பட்ட குதிரைத்திறன். இவ்வகையில் விகிதம் 12-ஐ ஒட்டியே வைக்கப்பட்டது.

அகலப்பாதை டபிள்யூடிஎம்2 எஞ்சினில் அதே வகையின் 16 சிலிண்டர் வடிவம் 2,600 குதிரைத்திறன் தந்தது. சிலிண்டரின் விட்டமும் ஸ்ட்ரோக்கும் மாறாமல் அது பின்னர் 3,100-க்கு உயர்ந்து டபிள்யூடிஎம்3ஏ ஆயிற்று. பெரிய டர்போ, பெரிய குளிர்விப்பான், எஃகுத் தலை கொண்ட பிஸ்டன், 15-க்குப் பதில் 17 மி.மீ. எரிபொருள் பம்பு, கிராங்க் சுழற்சியில் 140 பாகை வரை வால்வுகள் ஒருசேரத் திறந்திருக்கும் புதிய கேம் ஆகியவை சேர்ந்தே இதைச் சாதித்தன. பெட்ரோலுக்குச் சொன்ன கேம் விதி இங்கே தலைகீழ்: வீணாவது காற்று மட்டுமே, அது வால்வையும் குளிர்விக்கிறது.

இன்றைய நிலை

இன்று டீசல் பேருந்து, லாரி எல்லாம் டர்போதான். 1982-இல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனத்தின் ஆலை சோளிங்கரை அடுத்த புலிவலத்தில் உள்ளது. பாரத் ஸ்டேஜ் 6 சாதாரணப் பெட்ரோலுக்கு ஆக்டேன் 91, எத்தனால் 20 சதவீதம் கலந்ததற்கு 95 என்பது தரம். பதிவான வாகனத்தின் எஞ்சினைத் தயாரிப்பாளர் குறிப்புக்கு மாறாகத் திருத்துவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.