கல் கிடைத்த நாய்களும் எங்கள் மணியும்

போன மாதம் எங்கள் மணி போய்விட்டாள். வயது 14, நாட்டு நாய். கல்வெட்டு படிக்க இங்கே வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதுவும் கல்வெட்டுப் பதிவுதான், சற்றுச் சுற்றி வரும்.

கடைசி இரண்டு மாதம் அவளுக்குப் பின்னங்கால் வரவில்லை. காலையும் இரவும் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் விடுவேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மருத்துவர், "கிட்னி ரெண்டும் போச்சு சார். ஊசி போட்டுடலாம், வலி தெரியாது" என்றார். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "வீட்டைக் காத்த பிள்ளைடா. அதும்பாட்டுக்குப் போகட்டும்."

முடிவெடுக்கத் தெரியாதபோது நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். புத்தகங்களுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். நம்மவர்கள் நாயை எப்படி வழியனுப்பினார்கள் என்று தேடினேன்.

முதலில் நினைவுக்கு வந்தது எடத்தனூர் நடுகல். திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பகுதி. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவகத்தி என்ற வீரன் இறந்துபோகிறான். அவனோடு இருந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்து, அவனைக் காத்து நின்றது என்கிறது கல்வெட்டு. நாயின் பெயர் கோவிவன். கல்லில் வீரனுக்குப் பின்னால் நாயும் நிற்கிறது. 1,400 வருடம் கழித்தும் அதன் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தக் காலத்தில் எத்தனை மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியும், யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது கர்நாடகத்தில், மண்டியா மாவட்டத்து ஆதகூர். இதற்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் கொல்லப்பட்ட போரைச் சொல்லும் முக்கியமான கல்வெட்டு இதுதான். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பக்கம் நின்று போரிட்டவன் கங்க மன்னன் பூதுகன். அவனிடம் இருந்த வீரன் மணலேரன். போரில் நன்றாகச் சண்டை போட்ட அவனிடம், என்ன வேண்டும் என்று மன்னன் கேட்கிறான். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை! பிறகு ஒரு வேட்டையில் காளி பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்துப்போயின. காளிக்காகக் கோயில் முன்னே கல் நட்டு, நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிடக் கூடாது என்று கல்வெட்டில் கட்டளையே இருக்கிறது. நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு அந்தக் கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் உள்ளது.

இரண்டையும் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் என் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. கோவிவனும் காளியும் சண்டையில் பேர் வாங்கியவர்கள். எங்கள் மணி எதையும் காத்ததில்லை. அம்மா சொல்வது பாசத்தில் சொல்வது. தீபாவளி வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், கேஸ் சிலிண்டர் போட வருகிறவருக்கு வாலாட்டுவாள். அப்படி ஒரு நாய் வயதாகிப் படுத்துவிட்டால், அதற்கு யார் கல் வைத்தார்கள்?

தேடியதில் பதில் இத்தாலியில் கிடைத்தது. தென் இத்தாலியின் சலேர்னோவில் ரோமானியர் காலத்துக் கல்லறைக் கல்வெட்டு ஒன்று, பாட்ரிகே என்ற வளர்ப்பு நாய்க்காக லத்தீனில் எழுதியது. அதில் வேட்டையும் இல்லை, காவலும் இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் சந்தோஷமாகத் தூக்கிவந்த உன்னை இன்று அழுதுகொண்டே தூக்கிப்போகிறேன் என்கிறார் வளர்த்தவர். இதைப் படித்த அன்று இரவு மணியைத் தூக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

இதைவிடப் பழையது ஜெர்மனியில் இருக்கிறது. பான் நகரத்தை ஒட்டிய ஓபர்காசலில் 1914இல் கல் உடைக்கும்போது, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் புதைக்கப்பட்ட இடம் வெளிப்பட்டது. சுமார் 14,000 ஆண்டுப் பழமை. கூடவே ஒரு நாய்க்குட்டியின் எலும்புகள். செத்தபோது அதற்கு ஏழு மாதம்கூட ஆகியிருக்காது. பல்லில் இருந்த தடயங்களை வைத்து, அதற்கு டிஸ்டம்பர் நோய் வந்து பல வாரம் கிடந்தது என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. யாராவது சூடு கொடுத்து, துடைத்து, தண்ணீர் காட்டியிருக்காவிட்டால் அத்தனை நாள் உயிரோடு இருந்திருக்காது. அந்த நாட்களில் அந்தக் குட்டியால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆக, வீரத்துக்கு மட்டும் கிடைத்த மரியாதை இல்லை இது. பார்த்துக்கொள்வது அதைவிட ரொம்பப் பழையது, பெரும்பாலும் கல்லில் ஏறாதது. ஆனால் பார்த்துக்கொள்வது என்றால் கடைசிவரை வைத்திருப்பதா, வலியை நிறுத்துவதா? இதற்கு எந்தக் கல்வெட்டும் பதில் சொல்லவில்லை.

சொன்னது அம்மாதான். நான்காம் நாள் மணி தண்ணீரையும் விட்டுவிட்டாள். இரவு முழுக்க முனகல். விடியற்காலையில் அம்மா வந்து, "பாத்துக்கிட்டு இருக்க முடியலடா, டாக்டரைக் கூப்பிடு" என்றார். மருத்துவர் வீட்டுக்கே வந்தார். அம்மா மடியில் தலை வைத்தபடி போனாள். ஒருநாள் முன்னாலேயே செய்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

தோட்டத்தில் முருங்கைக்குப் பக்கத்தில் புதைத்தோம். தெருநாய்கள் தோண்டிவிடக் கூடாது என்று பழைய துவைக்கிற கல்லைத் தூக்கி மேலே வைத்தோம். அதில் எழுத்து ஒன்றும் இல்லை.

அடுத்த பதிவில் செங்கம் நடுகற்களுக்குத் திரும்புவோம்.